இரவு சாப்பிட்டது காலையில் வாந்தியாக வந்தால்

கேள்வி: வயது 54. பல வருடங்களாகச் சர்க்கரை நோய். சாப்பிட்டால் மணிக்கணக்கில் வயிறு கனக்கிறது. வெறும் வயிற்றில் கடமுடா சத்தம். சாப்பிடும்போது தண்ணீர் குடித்தால் உணவு உள்ளேயே அழுகிவிடும் என்று இணையத்தில் படித்தேன். என் வயிறு செயலிழந்துவிட்டதா? டொம்பெரிடோன் என்ற வாந்தி மாத்திரை வாங்கிப் போட்டும் பலனில்லை. போன மாதம் இரண்டு முறை, இரவு சாப்பிட்டது காலையில் அப்படியே வாந்தியாக வந்தது.

பதில்: கடைசி வரியை நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். உடனே கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான்.

இரைப்பையின் கீழ்ப்பகுதி நிமிடத்துக்குச் சுமார் 3 முறை சுருங்கி, உணவை ஓரிரு மில்லிமீட்டர் துகள்களாக அரைத்து, பைலோரஸ் என்ற வாசல் வழியே கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்புகிறது. தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும். திட உணவு அரைபட வேண்டியிருப்பதால் தாமதமாகும், கொழுப்பு அதிகமிருந்தால் இன்னும் தாமதமாகும். அப்படியும் வழக்கமான ஒரு வேளை உணவில் பெரும்பகுதி 4 மணி நேரத்தில் இறங்கிவிட வேண்டும். விடியும்வரை அது உள்ளே கிடந்திருக்கிறதென்றால், ஒன்று அந்த வாசலில் அடைப்பு இருக்கலாம். பழைய புண்ணின் தழும்போ கட்டியோ காரணமாகலாம். இல்லையென்றால், நெடுநாள் சர்க்கரையால், இரைப்பையை இயக்கும் வேகஸ் நரம்பு பழுதாகி இரைப்பை மந்தப்பட்டிருக்கலாம். எது என்று கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது. இந்த வாரமே இரைப்பை குடல் மருத்துவரைப் பாருங்கள். முதலில் எண்டோஸ்கோப்பி. அடைப்பு இல்லையென்றால், உணவு எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று 4 மணி நேரம் ஸ்கேனில் பார்ப்பார்கள்.

டொம்பெரிடோனை நிறுத்துங்கள். அடைப்பு இருக்கும்போது இரைப்பையை முடுக்கிவிடுவது ஆபத்து. சிலருக்கு அது இதயத் துடிப்பையே தாறுமாறாக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கிற மாத்திரை அல்ல அது.

இன்சுலின் போடுகிறீர்களா என்று எழுதவில்லை. போடுகிறீர்கள் என்றால் கவனம்: மருந்து நேரத்துக்கு வேலை செய்யும், உணவோ குடலுக்கே வந்திருக்காது. சாப்பிட்ட பிறகும் சர்க்கரை சடாரென்று இறங்கலாம். எடை குறைக்கவோ சர்க்கரைக்கோ செமாகுளூடைடு போன்ற ஊசி போட்டுக்கொண்டால் அதையும் சொல்லுங்கள். இரைப்பையை மந்தப்படுத்துவது அந்த மருந்தின் இயல்பு.

சத்தத்தை மறந்துவிடுங்கள். வயிறு காலியாக இருக்கையில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரைப்பையிலிருந்து சிறுகுடல்வரை ஒரு சுருக்க அலை ஓடி மிச்சம் மீதியைத் துடைத்துக்கொண்டு போகிறது. அந்தச் சத்தம் பெரும்பாலும் அதனால் வருவது. சாப்பாட்டோடு தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். உணவு அழுகும் என்பது சுத்தப் பொய்.

வாந்தியில் ரத்தம், காப்பித்தூள் நிறம், கறுத்த மலம், தண்ணீர்கூடத் தங்காத நிலை, இவற்றில் எது வந்தாலும் அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். பரிசோதனைவரை கொழுப்பைக் குறைத்து, சிறு சிறு வேளைகளாக நன்றாக மென்று சாப்பிடுங்கள்.

எண்டோஸ்கோப்பிக்கு நாள் குறிக்கும்போதே இந்த வாந்தியைச் சொல்லிவிடுங்கள். வழக்கமான பட்டினி நேரம் உங்களுக்குப் போதாமல் போகலாம். மயக்க மருந்தின்போது மிச்ச உணவு மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக் கூடாது.