படத்தில் வரும் பிலூவுக்குப் பயப்படும் குழந்தை: புத்தகத்தை ஒளிக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு ஐந்து வயது. பர்மியக் கதைப் புத்தகம் ஒன்றில் கோரைப்பல் தெரிய வாயைப் பிளந்து நிற்கும் பிலூ (பர்மியக் கதைகளில் வரும் ராட்சசன்) படத்தைப் பார்த்த நாளிலிருந்து இருட்டினால் பாத்ரூமுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்கிறாள். "அதெல்லாம் பொய்யம்மா" என்று எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை. புத்தகத்தை அலமாரிக்கு மேல் ஒளித்துவிட்டேன். அவள் பாட்டி சொல்லும் ராட்சசிக் கதைகளையும் நிறுத்திவிடலாமா? (யாங்கோனிலிருந்து ஒரு தாய்)

பதில்: கதைகளை நிறுத்த வேண்டாம். ஒளித்த புத்தகத்தையும் வெளியே எடுங்கள், ஆனால் பகல் வெளிச்சத்தில்.

ஐந்து வயதில் குழந்தை தோற்றத்தை வைத்துத்தான் தீர்ப்புச் சொல்லும். பார்க்கக் கொடூரமாக இருந்தால் அது கெட்டது, கெட்டது என்றால் அது வரும். "நிஜமில்லை" என்ற விளக்கம் ஏழு, எட்டு வயதுக்கு மேல்தான் ஓரளவு எடுபடும். அதற்கு முன் சொல்லைவிடச் செயலே உதவும்: தொட்டுப் பார்ப்பது, மூடுவது, திறப்பது, வரைவது. இன்னொன்றும் நடந்திருக்கிறது. உங்கள் மகள் கடைசியாகப் பார்த்தது பிளந்த வாய். அடுத்த பக்கத்தில் அந்தப் பிலூவுக்கு என்ன ஆயிற்று என்று அவளுக்குத் தெரியாது. புத்தகம் மறைந்ததும் மீதிக் கதையை இருட்டில் அவளே முடிக்கிறாள், அதுவும் மிக மோசமாக.

படம் எப்படிப் பயமுறுத்துகிறது என்று முதலில் நீங்கள் பாருங்கள். பிலூவின் கண் கதைக்குள் இருக்கும் ஆட்களைப் பார்க்கிறதா, வாசிப்பவரைப் பார்க்கிறதா? நம்மை நேராகப் பார்க்கும் கண்தான் குழந்தையைத் துரத்தும். உடல் முழுவதும் படத்துக்குள் அடங்கியிருக்கிறதா, காகித ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறதா? வெட்டுப்பட்ட உருவம் எவ்வளவு பெரியது என்று தெரியாததால் வளர்ந்துகொண்டே போகும். பக்கத்தைத் திருப்பியதும் எதிர்பாராமல் எதிரே வந்து நிற்கும் படத்தில் பாதிப் பயம் அந்தத் திடுக்கிடலால் வருவது. ஓவியர்கள் இதையெல்லாம் தெரிந்தே செய்கிறார்கள், அதில் தவறில்லை. ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: "அடுத்த பக்கத்தில் பிலூ இருக்கிறது. நீ திருப்புகிறாயா, நான் திருப்பட்டுமா?"

பகலில், வயிறு நிறைந்திருக்கும் நேரத்தில், பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். படத்தை முழுவதும் மறைக்கும் அளவுக்கு ஒரு வெள்ளை அட்டை வேண்டும். அதைப் படத்தின் மேல் வைத்து, கீழிருந்து மெல்ல மேலே நகர்த்துங்கள். முதலில் பாதம், பிறகு உடை, கை, கடைசியில் முகம். அட்டை அவள் கையில்தான் இருக்க வேண்டும். அவள் நிறுத்தினால் நிறுத்திவிடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும். பாதத்தோடு முடிந்தால் அன்றைக்கு அதுவே போதும். முகம்வரை வந்த பிறகு கதையைக் கடைசிப் பக்கம்வரை வாசித்துவிடுங்கள். பிறகு தாளும் வண்ணப் பென்சிலும் கொடுத்து அவளையே ஒரு பிலூ வரையச் சொல்லுங்கள். என்ன சாப்பிடும், எங்கே தூங்கும் என்று கேளுங்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது அவசரத்தால்தான். "பார், ஒன்றுமில்லை" என்று அட்டையைச் சட்டென்று இழுத்தால் முதல் நாள் பயம் இரட்டிப்பாகும். மாமாவோ அண்ணனோ பிலூ மாதிரி உறுமிக் காட்டுவதையும் தடுத்துவிடுங்கள். கட்டிலுக்கடியில் "பிலூ விரட்டும் மருந்து" தெளிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே பிலூ உண்டு என்று நீங்களே ஒப்புக்கொண்டதாகிவிடும்.

கரண்ட் போன இரவுகளில் கவனம் தேவை. டார்ச்சையோ கைப்பேசி விளக்கையோ கீழிருந்து பிடித்தால் நம் முகமே கோரமாகும், சுவரில் நிழலும் பெரிதாகும். விளக்கு உங்கள் தோளுக்குப் பின்னால், சற்று உயரத்தில் இருக்கட்டும். அந்த நேரத்தில் புதுக் கதை வேண்டாம், அவளுக்கு மனப்பாடமான கதையைச் சொல்லுங்கள்.

பாட்டியின் கதைகளுக்கு வருவோம். ராட்சசியைச் சாதுவாக மாற்றச் சொல்லாதீர்கள். முடிவைத்தான் கவனிக்க வேண்டும். சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை 1697-ல் பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ வெளியிட்டபோது ஓநாய் சிறுமியைத் தின்பதோடு கதை முடிந்தது. 1812-ல் கிரிம் சகோதரர்கள் அச்சிட்ட வடிவத்தில் வேட்டைக்காரர் வயிற்றைக் கிழித்துப் பாட்டியையும் பேத்தியையும் மீட்கிறார், ஓநாய் சாகிறது. சின்னக் குழந்தைக்கு இரண்டாவதுதான் ஏற்றது. "பாவம்" என்று ஓநாயின் சாவை வெட்டிவிட்டால் ஓநாய் எங்கோ உலவிக்கொண்டே இருக்கும். ராட்சசி தோற்றாள் என்பதைப் பாட்டி தெளிவாகச் சொல்லட்டும், குடலையும் ரத்தத்தையும் வர்ணிக்க வேண்டியதில்லை. பாதிக் கதையில் தூங்கிவிட்டால் மறுநாள் காலையில் மீதியைச் சொல்லி முடித்துவிட வேண்டும். ஒன்றை மட்டும் உறுதியாக நிறுத்துங்கள்: "சாப்பிடாவிட்டால் பிலூ வந்து பிடித்துக்கொண்டு போகும்." கதைக்குள் இருந்ததை வீட்டுக்குள் கூட்டிவருவது இந்த மிரட்டல்தான்.

நீங்கள் இருக்கும் நாட்டிலேயே நல்ல துணைக்கதைகள் உண்டு. பொப்பா மலையில் வணங்கப்படும் மெடோ என்பவள், பூக்களை மட்டுமே தின்னும் பிலூப் பெண். பகானை ஆண்ட அனோரதா மன்னருக்குப் பூக் கொண்டுபோக வந்த பியாட்டா என்ற வீரனை மணந்தவள். அவள் சிலையில் அழகான முகத்துக்கு மேலே பிலூத் தலை ஒன்று கிரீடம்போல் இருக்கும். யாங்கோனின் சுவேடகோன் பகோடாவில் சிங்க உடலும் மனித முகமுமாக உட்கார்ந்திருக்கும் மனுத்தீகா, தத்தோன் என்ற பழைய நகரத்தின் கதையில், கைக்குழந்தையைத் தின்ன வந்த கடல் ராட்சசியை விரட்டுவதற்காகவே உண்டாக்கப்பட்டது. நம் காளியின் நீட்டிய நாக்கும், கோயில் வாசலில் துவாரபாலகரின் கோரைப்பல்லும் அப்படிக் காப்பதற்காகத்தான். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அவற்றைத் தாண்டிப் போயிருப்பாள். அடுத்த முறை அங்கே நின்று, "இது யாரைக் காக்கிறது?" என்று கேளுங்கள்.

இரவில் எழுந்து அழுதால் எப்போது என்று குறித்துவையுங்கள். விடியலுக்கு நெருங்கிய நேரத்தில் எழுந்து, கண்டதைச் சொல்லி, உங்களைக் கட்டிக்கொண்டால் அது கெட்ட கனவு. தேற்றித் தூங்க வைக்கலாம். தூங்கிய ஓரிரு மணி நேரத்தில் கண் திறந்தபடி அலறி, உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் நினைவில்லாமல் இருந்தால் அது இரவுத் திகில். அப்போது உலுக்கி எழுப்பக் கூடாது, அவளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருந்தால் போதும். பயத்தால் பல வாரங்களாகத் தூக்கமோ சாப்பாடோ பள்ளிக்கூடமோ கெட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அதுவரை பாத்ரூம் வழியில் ஒரு சின்ன பேட்டரி விளக்கு எரியட்டும். முதல் வாரம் கதவுவரை கூடப் போங்கள், அடுத்த வாரம் பாதி வழியில் நின்றுகொள்ளுங்கள்.