பரணில் கிடக்கும் முப்பது வருடச் சாமான்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களுடையது பழைய அஸ்பெஸ்டஸ் கூரை வீடு. சீலிங்குக்கு மேலே உள்ள பரணில் அம்மா காலத்துச் சாமான் முழுக்கக் கிடக்கிறது. ஆகஸ்டில் மகன் குடும்பத்தோடு வருகிறார். அதற்குள் ஒதுக்கிவிட வேண்டும். எங்கே தொடங்குவது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: சாமானைத் தொடுவதற்கு முன் காலை எங்கே வைப்பது என்று பாருங்கள். சீலிங் அடித்திருக்கும் 2×2 அங்குலச் சட்டங்கள் சீலிங்கைத் தாங்க மட்டுமே போட்டவை, ஆள் பாரம் தாங்காது. சுவருக்குச் சுவர் போகும் தீராந்திகளின் மேல் 9 அங்குல அகலம், 1 அங்குலத் தடிப்புள்ள பலகைகளைப் போடுங்கள். ஒவ்வொரு பலகையும் குறைந்தது மூன்று தீராந்திகளில் படிய வேண்டும். பலகை நுனி வெளியே நீண்டு நின்றால், அதில் மிதித்தவுடன் மறுநுனி கிளம்பி ஆளைக் கீழே தள்ளிவிடும். தீராந்தியில் கறையான் மண் தெரிந்தாலோ, ஸ்க்ரூ டிரைவர் நுனி மெத்தென்று உள்ளே போனாலோ, தச்சர் வந்து பார்க்கும்வரை ஏற வேண்டாம். வேலை காலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பது மணியோடு முடியட்டும். அதற்குப் பிறகு கூரைக்குக் கீழே நிற்கவே முடியாது. அந்தப் பக்க மின்சாரத்தைப் பிரதான சுவிட்சில் நிறுத்திவிட்டு, டோர்ச் வெளிச்சத்தில் வேலை செய்யுங்கள். எலி கடித்த வயர் சாமானுக்கு அடியில் கிடக்கலாம்.

அஸ்பெஸ்டஸ் விஷயத்தில் விட்டுக்கொடுப்பே கூடாது. காய்ந்த தும்புத்தடியால் கூட்டினால், கூரைச் சீற்றில் இருந்து உதிர்ந்த அஸ்பெஸ்டஸ் நார் காற்றில் எழும்பும். சாதாரண வக்கூம் கிளீனர் அதை உறிஞ்சி, பின்பக்கத்தால் அறைக்குள்ளேயே ஊதிவிடும். தெளிகுப்பியில் தண்ணீரும் நாலைந்து துளி பாத்திரம் கழுவும் திரவமும் விட்டு, தூசியை நனைத்து, ஈரத் துணியால் ஒற்றி எடுங்கள். துணியைத் திரும்ப அலசாமல் பையில் போட்டுக் கட்டிவிடுங்கள். துணி மாஸ்க்கும் சத்திரசிகிச்சை மாஸ்க்கும் இதற்குப் போதாது. மிக நுண்ணிய தூசியையும் தடுக்கும் பி-100 வடிகட்டி பூட்டிய மாஸ்க் தேவை. சீற் உடைந்தோ உதிர்ந்தோ இருந்தால் அந்தப் பக்கம் போகாமல், அனுபவமுள்ளவரை அழையுங்கள்.

எலிப் புழுக்கை உள்ள இடத்தில் ரப்பர் கையுறை அவசியம். எலியின் சிறுநீரால் எலிக்காய்ச்சல் பரவும். ஒரு பங்கு ப்ளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். ப்ளீச்சோடு கழிவறை கழுவும் அசிட்டைச் சேர்த்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும்.

பிறகுதான் பிரிப்பது. முழுப் பரணையும் ஒரே நாளில் இறக்கினால் விறாந்தை நிரம்பி, களைப்பில் எல்லாம் திரும்ப மேலே போய்விடும். இரண்டு தீராந்திக்கு இடைப்பட்ட பகுதியை மட்டும் ஒரு நாளில் முடியுங்கள். கொழும்பில் பகல் வெக்கை, இரவு ஈரம் இரண்டையும் தாங்குகிற பொருள் மட்டும் மேலே போகட்டும்: கிடாரம், பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் சட்டி, கறையான் தொடாத பிளாஸ்டிக் கதிரை. படம், பட்டு, கசெட், மெழுகுதிரி, பற்றறி எதுவும் மேலே போகக் கூடாது. பெயிண்ட், தின்னர், மண்ணெண்ணெய் போத்தல் கட்டாயம் இறங்க வேண்டும். காட்போட் பெட்டி கறையானுக்குச் சாப்பாடு, அதனால் மூடி இறுகும் பிளாஸ்டிக் பெட்டிதான் நல்லது. 40×30×30 சென்ரிமீற்றர் பெட்டியில் புத்தகம் நிரப்பினால் 25 கிலோவரை வரும். ஏணியில் ஒருவர் தூக்கக்கூடிய பாரம் அல்ல அது. புத்தகத்தைக் கீழேயே வையுங்கள்.

கேள்வி: றங்குப் பெட்டியில் கூறைச்சேலையும், மூத்த பேரனின் குழந்தை உடுப்பும் பூச்சி உருண்டை போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் மகளுக்குப் பிள்ளை பிறக்கும். அதே உடுப்பைப் போடலாமா?
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: அப்படியே எடுத்துப் போடாதீர்கள். பூச்சி உருண்டையில் உள்ள நப்தலின், ஜி6பிடி என்ற நொதி குறைந்த பிறந்த குழந்தைகளின் சிவப்பணுக்களை உடைத்துக் கடும் மஞ்சட்காமாலையை வரவைக்கும். குழந்தைக்கு அந்தக் குறை உண்டா என்பது வெளியில் தெரியாது. உடுப்பை மட்டுமல்ல, போர்வை, தொட்டில் துணியையும் பலமுறை துவைத்து, நாள்கணக்கில் வெயிலில் காயவிடுங்கள். மணம் துளியும் இருந்தால் வேண்டாம். புதுத் துணியே மேல். உருண்டைகளையும் அறையில் இருந்து எடுத்துவிடுங்கள்.

சேலையைப் பிரித்து மடிப்பு விளிம்பைப் பாருங்கள். சரிகை கறுத்து, பட்டு நூல் கோடாகத் தெரிந்தால் அங்கேதான் கிழியப் போகிறது. வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, நாலு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பொலித்தீன் பை ஈரத்தை உள்ளே அடைத்துவிடும், பத்திரிகைத் தாள் கறையேற்றும். நீலச் சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு வைத்தால், அது இளஞ்சிவப்பானதும் 120 பாகை அவணில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம்.

அதே பெட்டியில் காணி உறுதியோ பிறப்புச் சான்றிதழோ இருந்தால் லமினேற் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்கவே முடியாது.

கேள்வி: சீலிங்குக்குள் மரநாய் குடியிருக்கிறது. ஓட்டையை அடைத்துவிட்டால் போதாதா?
– வாசகர், தெஹிவளை

பதில்: பகலில் அடைத்தால் அது உள்ளேயே மாட்டிக்கொள்ளும், குட்டி இருந்தால் செத்து நாறும். ஓட்டை வாசலில் மாத் தூவுங்கள். இரவு வெளியே போன காலடி தெரிந்து, உள்ளே குட்டிச் சத்தமும் இல்லை என்றால், அந்த இரவே கால் அங்குலக் கண்ணுள்ள துருப்பிடிக்காத கம்பி வலையை அடியுங்கள். எலிக்கும் அது தடை. குட்டிச் சத்தம் கேட்டால், அவை தாயோடு வெளியேறும்வரை பொறுங்கள். கூரையைத் தொடும் மாங்கிளையை 2 மீற்றருக்கு அப்பால் வெட்டிவிடுங்கள். கிளையை விட்டுவைத்தால் அடுத்த மரநாய் வேறு ஓட்டையைத் தேடி வரும்.