தாலி கட்டாமல் சேர்ந்து வாழ்ந்தால்: பாட்டியும் பேத்தியும் கேட்கும் கேள்விகள்

குடும்ப வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். போன வாரம் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன், மூன்று தலைமுறையும் வந்து நிற்கிறது. எல்லோருக்கும் பெயர் போடாமலே பதில்.

கேள்வி: அக்கா, தாத்தாவும் பாட்டியும் கல்யாணமே பண்ணிக்கொள்ளவில்லையாம், மில் வேலைக்கு வந்த இடத்தில் சேர்ந்துவிட்டார்களாம். தாத்தா போனதும், வீட்டில் உங்களுக்குப் பங்கில்லை என்கிறார் சித்தப்பா முறைக்காரர். உண்மையா?

அவர் சொன்னால் ஆயிற்றா? ஆணும் பெண்ணும் பல வருடம் கணவன் மனைவியாக வாழ்ந்திருந்தால், கல்யாணம் ஆனவர்கள் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்பவர்தான் நிரூபிக்க வேண்டும் (பழைய சாட்சியச் சட்டத்தில் 114ஆவது பிரிவு, 2024 ஜூலையிலிருந்து வந்த புதியதில் 119). இருவரில் யாருக்கும் ஏற்கெனவே வேறு துணை இருந்திருக்கக் கூடாது, அதை விசாரியுங்கள். அப்புறம், தாலி கட்டவில்லை என்பதும் கல்யாணம் நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு செய்த 1967 திருத்தத்தில் வந்த 7ஏ பிரிவுப்படி சொந்தபந்தம், நண்பர்கள் முன்னால் மாலை மாற்றியிருந்தாலே போதும், அதற்கு முன்பு நடந்தவையும் செல்லும். அதனால் அன்றைக்கு என்ன நடந்தது என்று பாட்டியிடமே கேளுங்கள். என்னிடம் வந்த ஒரு பாட்டி "மாலை மாத்திக்கிட்டோம், டீ குடிச்சோம், அவரு ஷிஃப்டுக்குப் போயிட்டாரு" என்றார். அவர் மஞ்சள் பையிலிருந்து எடுத்தது பழைய ரேஷன் கார்டும் மூத்த மகள் கல்யாண மொய் நோட்டும். பக்கத்து வீட்டுக்காரர் கையெழுத்தில் முதல் பக்கத்திலேயே இருவர் பெயரும் தம்பதியாக இருந்தது. அந்த நோட்டு எனக்குப் பாதி வேலையை முடித்துவிட்டது.

கேள்வி: அப்பாவுக்கு ஊரில் முதல் மனைவி உண்டு. என் அம்மாவோடு இருபது வருடம் வாழ்ந்தார். எங்களுக்கு ஏதாவது உண்டா?

அம்மாவுக்குக் கஷ்டம்தான், மழுப்ப விரும்பவில்லை. கோவையிலிருந்து போன ஒரு வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம், சேர்ந்து வாழ்வதைக் கல்யாணம் போன்ற உறவு என்று ஏற்க நான்கு நிபந்தனை வைத்தது: ஊர் முன்னால் தம்பதியாக இருக்க வேண்டும், வயது வந்திருக்க வேண்டும், இருவரும் கல்யாணம் செய்யத் தகுதியோடு, அதாவது வேறு மனைவியோ கணவனோ இல்லாமல் இருக்க வேண்டும், விருப்பப்பட்டுக் கணிசமான காலம் சேர்ந்திருக்க வேண்டும். மூன்றாவதில் அடிபடுகிறது. அந்தத் தீர்ப்பில் வந்த 'வைப்பு' என்ற பொருள்படும் சொல் எனக்கு இன்றும் உறுத்தும், அது வேறு கதை. பிள்ளையான உங்கள் நிலை வேறு. கோயிலிலோ வீட்டிலோ ஏதாவது சடங்கு நடந்திருந்தால், செல்லாத கல்யாணமானாலும் பிள்ளை சட்டப்படியான பிள்ளை. 2023 செப்டம்பரில் வந்த தீர்ப்புப்படி பூர்வீகச் சொத்தில் அப்பாவுக்கு வரக்கூடிய பங்கிலும் கேட்கலாம்.

கேள்வி: என் மகள் சென்னையில் மூன்று வருடமாக ஒரு பையனோடு இருக்கிறாள். மாமியார் "இருந்துட்டுப் போறா" என்கிறார், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. போலீஸ் பிடிக்குமா மேடம்?

பிடிக்காது. நடிகை குஷ்பு கல்யாணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேசியதற்காகத் தமிழ்நாடு முழுக்கப் போட்ட வழக்குகளை 2010இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோதே, வயது வந்தவர்கள் சேர்ந்து வாழ்வது குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. (ஆனால் உத்தராகண்டில் 2025 ஜனவரியிலிருந்து பதிவு கட்டாயம்.) அடி உதை என்றால் 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டம் அவளுக்கும் உண்டு, ஆனால் அந்த நான்கு நிபந்தனையும் பொருந்த வேண்டும். இங்கேதான் சிக்கல். ஹவுஸ் ஓனரிடம் 'ஃப்ரெண்ட்ஸ்', ஆபீசில் 'ரூம்மேட்', உங்கள் சொந்தக்காரர்களிடம் 'ஹாஸ்டலில் இருக்கிறாள்'. நாளை கோர்ட்டில் தம்பதியாக வாழ்ந்தோம் என்றால் யார் சாட்சி சொல்வது? ஊரறிய வாழ்ந்த பாட்டிக்குக் கிடைப்பது, ஒளிந்து வாழும் பேத்திக்குக் கிடைக்காது. முதலில் வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் போடச் சொல்லுங்கள். ஹாஸ்டல் கதையை நீங்களும் நிறுத்துங்கள்.

கேள்வி: எனக்கு 66, அவருக்கு 61, இருவருமே துணையை இழந்தவர்கள். பிள்ளைகளுக்காகக் கல்யாணம் வேண்டாம் என்று இருக்கிறோம். வங்கியில் அவரை நாமினியாகப் போட்டுவிட்டேன், போதுமா?

போதாது ஐயா. நாமினி பணத்தை வாங்கிக்கொள்ளலாம், ஆனால் அது வாரிசுகளுக்குச் சேர வேண்டியது, உங்கள் பிள்ளைகள் கேட்டால் கொடுக்க வேண்டிவரும். உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சி வேண்டும், அவர்களில் அந்த அம்மா இருக்கக் கூடாது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் பதிந்துவிடுங்கள்.