49 வயதில் ஜூனியர்: கேட்டவர்களுக்குச் சில பதில்கள்

வங்கியில் 23 வருஷம் வேலை பார்த்தேன், கடைசி எட்டு வருஷம் கடன் வசூல் பிரிவில். 46இல் விருப்ப ஓய்வு, 49இல் வக்கீலாகக் கறுப்புக் கோட்டு. இப்போது 57. ஒரு மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் செய்கிறேன். என்னிடம் இரண்டு ஜூனியர்கள் இருக்கிறார்கள். ஒருவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர்.

எனக்கு 47. இனிமேல் வக்கீலாகப் பதிவு செய்ய விடுவார்களா?

விடுவார்கள். 1993இல் வக்கீல் தொழிலை ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில், 45 வயது முடிந்தவர்கள் பதிவு செய்யக்கூடாது என்று விதி போட்டது. ஓய்வு பெற்று வருபவர்கள் பழைய செல்வாக்கை வைத்து வழக்குப் பிடிக்கிறார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1995இல் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாதென்று தள்ளிவிட்டது. (விதி போனது சரி. பழைய ஆபீஸ் சிநேகிதர்களை நம்பி போர்டு மாட்டுகிற ஆட்களை நான் இன்றும் பார்க்கிறேன்.)

பதிவுக் கட்டணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உச்ச நீதிமன்றத்தின் 2024 ஜூலைத் தீர்ப்புக்குப் பிறகு பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்சி/எஸ்டி பிரிவுக்கு 125 ரூபாய். முத்திரைச் செலவு தனி.

வேலையை விடாமல் எல்எல்பி முடிக்க வழி உண்டா?

நேர்மையான வழி இல்லை. 70 சதவீத வருகை வேண்டும். போகாமலே பட்டம் தரும் 'லெட்டர்பேடு' கல்லூரி எங்கே என்று விசாரிக்காதீர்கள். முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு தொழில் செய்யவும் முடியாது. பிளஸ் டூ படிக்காமல் திறந்தநிலைப் பல்கலையில் நேரடியாகப் பட்டம் வாங்கியவர்கள் சட்டப் படிப்பில் சேர்வதற்கான தகுதி விதியை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள்.

சீனியராகக் கிடைப்பவர் என்னைவிட பத்து வயது சின்னவர். எப்படி ஒத்துப்போவது?

என் சீனியருக்கு அப்போது 36. முதல் நாள் அவர் என்னை 'சார்' என்றார், நான் அவரை 'சார்' என்றேன். வழக்குக் கட்டு தூக்க என்னிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். எனக்கும் அது வசதியாக இருந்தது. மூன்று மாதம் ஏசிக்குக் கீழே உட்கார்ந்து தீர்ப்பு படித்தேன். ஒரு மண்ணும் கற்கவில்லை.

ஒருநாள் குமாஸ்தா அண்ணன்தான் உடைத்துச் சொன்னார்: "சார், நீங்க இங்க விருந்தாளி மாதிரி இருக்கீங்க." மறுநாள் காலை எட்டரைக்கே போய், அன்றைய கட்டுகளை நான் எடுத்து வைத்தேன். கோர்ட் ஆவணங்களின் நகல் கேட்கும் காப்பி அப்ளிகேஷன் போட செக்‌ஷனில் வரிசையில் நின்றேன். வாய்தா கேட்க எழுந்து, என் மகன் வயதுள்ள நீதிபதியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அதன் பிறகுதான் சீனியர் என் வரைவில் சிவப்பு மை வைக்க ஆரம்பித்தார். பெரியவர் என்ற மரியாதையில் திருத்தாமல் விடுவார்கள். அதை நாமாகத்தான் உடைக்க வேண்டும், அவர்கள் வாயால் கேட்க மாட்டார்கள்.

வங்கி அனுபவம் ஏதாவது உதவியதா?

முதல் ஒரு வருஷம் இடைஞ்சல்தான். எல்லாவற்றுக்கும் 'எங்க பேங்க்ல' என்று ஆரம்பிப்பேன். அதை விட்ட பிறகு உதவியது. ஒரு செக் கேஸ் வந்தது. செக் திரும்பிய தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். எதிர்த்தரப்பு நோட்டீஸை வாங்கியதிலிருந்து பணம் கொடுக்க 15 நாள், கொடுக்காவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார். செக் திரும்பியதற்கு வங்கி தரும் ரிட்டர்ன் மெமோவில் 3ஆம் தேதி போட்டிருந்தது. அதை வைத்து எண்ணினால் நோட்டீஸ் காலம் கடந்துவிட்டது. ஆனால் மெமோ கட்சிக்காரர் கைக்கு வந்தது 9ஆம் தேதி. கையெழுத்து வாங்கிக் கொடுக்கும் பதிவேடு கிளையில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பதிவேட்டுப் பக்கம்தான் வழக்கைக் காப்பாற்றியது. அன்றைக்கு சீனியர் எனக்கு ஒரு காபி வாங்கிக் கொடுத்தார்.

வருமானம்?

இரண்டு, மூன்று வருஷத்துக்கு வீட்டுச் செலவைத் தனியே எடுத்து வைத்துவிட்டு வாருங்கள். ஜூனியர்களுக்கு நகரத்தில் 20,000, கிராமப்புறத்தில் 15,000 தர வேண்டும் என்று 2024இல் பார் கவுன்சில் பரிந்துரைத்தது. பரிந்துரைதான். எனக்குக் கிடைத்தது பெட்ரோலுக்குச் சரியாகப் போனது.

சட்டம் படித்து, பதிவும் செய்தேன். பிள்ளைகளுக்காக 14 வருஷம் கோர்ட் பக்கமே போகவில்லை. வயது 41. எல்லாம் மறந்துவிட்டது, சிரிக்க மாட்டார்களா?

நல்ல நேரத்தில் கேட்கிறீர்கள் அம்மா. 2024 ஜூலை 1இல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் மாறின. மோசடிக்கு 420 என்று நாக்கில் ஊறிப்போனவர்கள் 318ஐப் புத்தகத்தில் தேடினார்கள். முப்பது வருஷ சீனியரும் பக்கத்தில் இருப்பவரிடம் "இதுக்குப் புது செக்‌ஷன் என்னப்பா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

நீங்கள் பட்டம் வாங்கிய வருஷத்தைப் பாருங்கள். 2009-10 முதல் படித்து முடித்தவர்கள் தொழில் செய்வதற்கான தகுதித் தேர்வான அகில இந்திய பார் தேர்வும் எழுத வேண்டும். தமிழிலும் எழுதலாம், குறிப்பில்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம்.

சீனியர் வீட்டு கரண்ட் பில் கட்ட அனுப்புகிறார், வேலை சொல்லித் தருவதில்லை.

ஆறு மாதம் ஆகியும் அப்படியேயா? வேறு ஆபீஸ் பாருங்கள். கிளம்பும்போது சண்டை வேண்டாம். அதே வராண்டாவில்தான் தினமும் அவரைப் பார்க்க வேண்டியிருக்கும்.