திருவெண்காட்டுச் சிவனுக்குத் தஞ்சையில் என்ன வேலை?

கேள்வி: எங்கள் திருவெண்காட்டு மண்ணுக்குள் கிடைத்த, காளையை ஊர்தியாகக் கொண்ட சிவனான ரிஷபவாகனரின் சிலை தஞ்சாவூர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. ஊரிலும் இல்லாமல், பலரும் வந்து பார்க்கும் சென்னையிலும் இல்லாமல், ஒரு மாவட்டக் கலைக்கூடத்தில் அதை வைத்திருப்பதால் யாருக்குப் பயன்?
– ஒரு வாசகர், சீர்காழி

பதில்: அந்தக் கலைக்கூடமே ஊர்மக்களின் எதிர்ப்பில் பிறந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். 1951-இல் கல்கத்தாவிலிருந்து வந்த அறிஞர் ஒருவர், தஞ்சையை அடுத்த கரந்தையில் கேட்பாரற்றுக் கிடந்த பிரம்மா சிலையைக் கண்டு வியந்து, அதைத் தம் நகரத்து அருங்காட்சியகத்துக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். கரந்தை மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை. மாவட்ட ஆட்சியர் டி. கே. பழனியப்பன் அச்சிலையை அரண்மனையில் வைக்கச் செய்ததோடு, சுற்றுவட்டாரத்தில் சிதறிக் கிடந்த சிற்பங்களையும் அங்கே சேர்க்கலானார். அந்த ஆண்டே கலைக்கூடம் உருவாயிற்று.

ரிஷபவாகனர் 1011-இல், முதலாம் இராசராசன் காலத்தில், உங்கள் ஊர்க் கோயிலுக்காகச் செய்யப்பட்டவர். தேவியின் திருமேனி அடுத்த ஆண்டு சேர்ந்தது. பிற்காலத்தில் மண்ணுக்குள் மறைந்து மீண்டும் வெளிப்பட்டபோது, 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி அவை அரசின் பொறுப்புக்கு வந்தன. கோயிலில் வழிபடப்பட்டிருக்க வேண்டியவர் என்ற உங்கள் ஏக்கம் நியாயமானது. அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பட்டும் மாலையும் மறைக்காத அந்த உருவத்தை நின்று பாருங்கள். சடைமுடி தலைப்பாகையாகச் சுற்றியிருக்கிறது, அதில் பாம்பும் பிணைந்திருக்கிறது. ஒரு கால் மற்றொன்றின் குறுக்கே தளர்ந்து நிற்க, ஒரு கை பக்கத்தில் எதன்மீதோ ஊன்றியிருக்கிறது. அவர் சாய்ந்து நின்ற காளை இன்று இல்லை; அந்தக் கை ஒன்றே அது நின்ற இடத்தைக் காட்டுகிறது.

சென்னையில் இருந்தால் பார்ப்பவர் கூடுவர், உண்மைதான். ஆனால் தேன்மெழுகில் உருவம் செய்து உலோகம் வார்க்கும் சுவாமிமலை ஸ்தபதி ஒருவர், தம் முன்னோர் கைவண்ணத்தைக் காணக் காலையில் பேருந்தேறி மாலையில் பட்டறைக்குத் திரும்ப முடிவது, இவை தஞ்சையில் இருப்பதால்தான். மாயவரம், கும்பகோணம் வழியாக உங்கள் ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் ஒருநாள் அழைத்து வாருங்கள். ஒவ்வொரு சிலையின் அருகிலும் அது வந்த ஊரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். உங்கள் பிள்ளைகள் ‘திருவெண்காடு’ என்று வாய்விட்டுப் படிக்கும்படி அது இருக்க வேண்டும்.