குளிர்காலச் சந்தையில் ஒரு பேட்டரின் விலை: கேள்வி பதில்

அமெரிக்க பேஸ்பாலின் இறுதிப் போட்டியான உலகத் தொடர் முடிந்ததிலிருந்து வசந்தகாலப் பயிற்சி வரை ரசிகனுக்கு ஆட்டம் கிடையாது, சண்டை மட்டும் உண்டு. யாரை எடுத்தார்கள், யாரை விட்டார்கள், இவனுக்கா இத்தனை கோடி என்று. வந்த கேள்விகளில் பாதி வசவு. அதை வடிகட்டிவிட்டு மீதிக்குப் பதில் சொல்கிறேன்.

கேள்வி (நியூயார்க் மெட்ஸ் அணி ரசிகர்): அண்ணா, பீட் அலோன்சோவை விட இவர்களுக்கு எப்படி மனம் வந்தது? மெட்ஸ் வரலாற்றிலேயே அதிக ஹோம் ரன் அடித்தவர். 2025 சீசனில் மட்டும் 38 ஹோம் ரன், 126 ஆர்பிஐ (அவர் ஆட்டத்தால் அணிக்கு வந்த ரன்). பால்டிமோர் அணி அள்ளிக்கொண்டு போய்விட்டது. நிர்வாகத்துக்கு மூளை இருக்கிறதா?

பதில்: மூளை இருக்கிறது தம்பி, மனம்தான் இல்லை. பால்டிமோர் கொடுத்தது 5 ஆண்டுக்கு 15.5 கோடி டாலர். அலோன்சோவுக்கு 2025 டிசம்பரில் 31 வயது முடிந்துவிட்டது. பேட்டர் ரன் எடுக்கச் சுற்றிவரும் நான்கு முனைகளான பேஸ்களில் முதலாவதில் ஃபீல்டிங் செய்பவர், ஓட்டத்தில் வேகம் கிடையாது. கை கொஞ்சம் மெதுவானால் விழுந்து எழ வேறு திறமை இல்லை.

2024-இல் அவர் பேட்டிங் சராசரி .240 என்று அடித்தபோது கிடைத்தது 2 ஆண்டுக்கு 5.4 கோடி. அதிலேயே ஓராண்டு முடிந்ததும் வெளியேறும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார். அடித்து நொறுக்கினார், வெளியேறினார், மூன்று மடங்கு வாங்கினார். கெட்டிக்காரர். ஆனால் அந்த 126 ஆர்பிஐயைக் காட்டி வாதாடாதீர்கள். அவருக்கு முன்னால் ஆடிய ஹுவான் சோட்டோ பத்து முறை வந்தால் நான்கு முறை பேஸில் நின்றார். ஆள் நிற்காத பேஸிலிருந்து யாரை ஓட்டிவிட முடியும்?

கேள்வி: நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். .245 என்கிறார்கள், .300 என்கிறார்கள். எது நல்லது?

பதில்: ஆயிரம் வாய்ப்பில் எத்தனை ஹிட், அதாவது எத்தனை முறை அடித்துப் பேஸை அடைந்தார் என்று பாருங்கள். 2025-இல் மொத்த லீகின் சராசரியே .245தான். .300 அடிப்பவரை விரல்விட்டு எண்ணலாம். வாக் (ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வந்த நான்கு பந்தை அடிக்காமல் விட்டதற்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) கிடைத்தால் அது இந்தக் கணக்கில் சேராது. வம்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது, அடுத்த பதிலைப் பாருங்கள்.

கேள்வி (பிலடெல்பியாவிலிருந்து): கைல் ஷ்வார்பருக்கு 5 ஆண்டுக்கு 15 கோடி! வயது 32, ஃபீல்டிங்கும் இல்லை, சராசரி .240. லூயிஸ் அராயஸ் மூன்று ஆண்டு தொடர்ந்து பேட்டிங் பட்டம் (லீகிலேயே அதிகச் சராசரிக்கு) வென்றவர். அவருக்கு யாரும் இப்படிக் கொட்டவில்லையே? அலோன்சோவுக்கு ஒரு நியாயம், ஷ்வார்பருக்கு ஒரு நியாயமா?

பதில்: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இதுதான். இரண்டு சீசன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன்.

2023-இல் ஷ்வார்பர் அடித்தது .197. பார்க்கவே கூசும் எண். 215 முறை ஸ்ட்ரைக் அவுட், அதாவது பந்தைச் சரியாக அடிக்காமல் மூன்று ஸ்ட்ரைக் வாங்கி அவுட். 2024-இல் அராயஸ் அடித்தது .314. 200 ஹிட், ஸ்ட்ரைக் அவுட் வெறும் 29. சராசரியை மட்டும் பார்த்தால் ஒருவர் ராஜா, இன்னொருவர் வேலையை இழக்க வேண்டியவர்.

இப்போது வாக்கைச் சேருங்கள். ஷ்வார்பருக்கு 126, அராயஸுக்கு 24. ஹிட், வாக், உடம்பில் பட்ட பந்து எல்லாம் சேர்த்துப் பேஸை அடைந்த விகிதம் ஷ்வார்பருக்கு .343, அராயஸுக்கு .346. நூற்றுப் பதினேழு புள்ளி இடைவெளி மூன்று புள்ளியாகச் சுருங்கிவிட்டது. அடுத்து, அடித்த பந்து எத்தனை பேஸ் வாங்கித் தந்தது என்று பாருங்கள். அராயஸின் 200 ஹிட்டில் பெரும்பாலானவை ஒரு பேஸ் அடிகள். ஷ்வார்பர் அடித்ததோ 47 ஹோம் ரன். இதைச் சொல்லும் ஸ்லக்கிங் விகிதம் அராயஸுக்கு .392, .197 அடித்தவருக்கு .474. ரன் எடுத்துக் கொடுத்தவர் யார்?

அராயஸைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். பந்தை ஃபீல்டர்களின் நடுவே ஊசி நுழைப்பதுபோல் செருகுவார். ஆனால் அணிகள் அழகுக்குக் காசு கொடுப்பதில்லை.

நியாயம் ஏன் இரண்டு என்றால், ஷ்வார்பர் மூன்று ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் 100-க்கு மேல் வாக் எடுத்தவர். எந்தப் பந்தை விட வேண்டும் என்று தெரிந்த கண், கையைவிட மெதுவாகத்தான் வயதாகும். 2025-இல் 56 ஹோம் ரன் வேறு. அதற்காக ஒப்பந்தம் முழுவதும் இனிக்கும் என்று சொல்லமாட்டேன். கடைசி ஆண்டில் அவருக்கு 37 வயது. அப்போது பிலடெல்பியா ரசிகர்கள் என்ன சத்தம் போடுவார்கள் என்று உலகத்துக்கே தெரியும்.

கேள்வி: ஐபிஎல் போல ஏலம் விட்டால் இந்தத் தலைவலியே இல்லையே ஐயா?

பதில்: ஆட்டக்காரர் சங்கம் காதில் போட்டுக்கொள்ளாது. ஏலத்தில் அணி ஆளைத் தேர்ந்தெடுக்கிறது, இங்கே ஆள் அணியைத் தேர்ந்தெடுக்கிறான். அந்த உரிமை சும்மா வரவில்லை. 1969-இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃப்ளட்டை பிலடெல்பியாவுக்கு மாற்றியபோது அவர் போக மறுத்து வழக்குத் தொடுத்தார். 1972-இல் உச்ச நீதிமன்றத்தில் 5-3 என்று தோற்றார், ஆட்ட வாழ்க்கையையும் இழந்தார். 1975 டிசம்பரில் ஒப்பந்தத் தகராறைத் தீர்க்கும் நடுவர் பீட்டர் சைட்ஸ், பிட்சர்களான (பந்து வீசுபவர்கள்) ஆண்டி மெஸ்ஸர்ஸ்மித்தும் டேவ் மெக்நேலியும் யாருக்கும் கட்டுப்பட்டவர்கள் அல்ல என்று தீர்ப்பளித்த பிறகுதான் கதவு திறந்தது. இன்றும் ஆறு ஆண்டு சேவை முடித்தால்தான் ஃப்ரீ ஏஜென்ட், அதாவது விரும்பிய அணிக்குப் போகலாம். அதனால் பலர் சந்தைக்கு வரும்போதே முப்பதைத் தொட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒப்பந்தம் முடியும் ஆண்டில் எல்லாரும் வெளுத்துவாங்குகிறார்கள், கையெழுத்துப் போட்டதும் படுத்துவிடுகிறார்கள். சோம்பேறித்தனம்தானே?

பதில்: சோம்பேறித்தனம் என்றால் ஆரன் ஜட்ஜை எப்படி விளக்குவீர்கள்? 2022 சீசனுக்கு முன் யாங்கீஸ் நீட்டிய 21.35 கோடியை வேண்டாம் என்றார். அந்த ஆண்டு 62 ஹோம் ரன் அடித்து 36 கோடிக்குக் கையெழுத்திட்டார். பிறகு 2024-இல் 58, 2025-இல் 53. பணம் வந்ததும் படுத்தவர் ஆட்டமா இது?

படுத்தவர்களும் உண்டு. 2015-இல் 47 ஹோம் ரன் அடித்த கிறிஸ் டேவிஸுக்கு பால்டிமோர் 7 ஆண்டு, 16.1 கோடி கொடுத்தது. 2018-இல் .168. அந்த ஆண்டு செப்டம்பரிலிருந்து 2019 ஏப்ரல் வரை தொடர்ந்து 54 வாய்ப்பில் ஒரு ஹிட்கூட இல்லை. அது சாதனை, யாரும் விரும்பாத சாதனை. உழைக்காமல் வந்ததல்ல அது. அந்த 47 ஹோம் ரன் ஆண்டிலேயே 208 முறை ஸ்ட்ரைக் அவுட் ஆகியிருந்தார். வேகம் ஒரு நூல் குறைந்ததும் ஹோம் ரன் போனது, ஸ்ட்ரைக் அவுட் மட்டும் மிச்சம். ஆல்பர்ட் புஹோல்ஸ் கதை வயதின் கதை. செயின்ட் லூயிஸில் 11 ஆண்டு .328, பிறகு ஏஞ்சல்ஸுக்கு .256. கையெழுத்திட்ட மறு மாதமே அவருக்கு 32. அணி வாங்கியது வரப்போகும் பத்து ஆண்டுகளை, விலை கொடுத்ததோ போன பத்து ஆண்டுகளுக்கு.

கேள்வி: சோட்டோவுக்கு 15 ஆண்டு, 76.5 கோடி. 2025-இல் முதல் இரண்டு மாதம் தூங்கினாரே?

பதில்: தூங்கி எழுந்து 43 ஹோம் ரன், 127 வாக், 38 திருட்டு பேஸ் (பிட்சர் வீசும்போதே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) எடுத்தார். அணி 83-79 என்று முடிந்து வெளியேறியது அவர் குற்றமா? கையெழுத்திட்டபோது வயது 26. அந்தக் கோடிகளில் பெரும்பங்கு அந்த வயதுக்குத்தான்.

ஏப்ரல், மே மாதத் தடுமாற்றத்தைப் பார்த்துப் பதறுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேட்டை விட்டுப் பந்து கிளம்பும் வேகம் குறையாமல் சராசரி மட்டும் குறைந்தால் பொறுத்திருங்கள். பந்து ஃபீல்டர் கைக்கு நேராகப் போகிறது, அவ்வளவுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. 2023-இல் கோடி பெலிஞ்சர் .307 அடித்தார், 26 ஹோம் ரன். ஆனால் பந்து மட்டையிலிருந்து மெதுவாகத்தான் கிளம்பியது. சந்தை நம்பவில்லை. பிப்ரவரி கடைசி வரை காத்திருந்து 3 ஆண்டு, 8 கோடிக்கு ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு .266, 18 ஹோம் ரன்.

கேள்வி: ஓதானிக்கு 70 கோடி கொடுத்துவிட்டு டாட்ஜர்ஸால் எப்படி மற்றவர்களையும் வாங்க முடிகிறது?

பதில்: ஆடும் காலத்தில் ஆண்டுக்கு 20 லட்சம் டாலர்தான். மீதி 68 கோடி 2034 முதல் 2043 வரை, வட்டியில்லாமல். விதிமீறல் எதுவும் இல்லை. பாபி பொனியாவுக்கு மெட்ஸ் 2035 வரை ஒவ்வொரு ஜூலை முதல் தேதியும் சுமார் 11.93 லட்சம் டாலர் அனுப்ப வேண்டும். அவர் கடைசியாக ஆடியது 2001-இல்!

கேள்வி: கொலராடோ பேட்டர்களை வாங்கலாமா? அங்கே எல்லாரும் அடிப்பார்கள் என்கிறார்களே.

பதில்: டென்வர் சுமார் 1,600 மீட்டர் உயரம். காற்று மெலிந்திருப்பதால் பந்து தூரம் பறக்கும், வளையும் பந்து சரியாக வளையாது. சந்தேகம் நியாயமானது. டி.ஜே. லமேஹியுவை எல்லாரும் சந்தேகித்தார்கள். யாங்கீஸ் 2 ஆண்டுக்கு 2.4 கோடிக்கு எடுத்தது. 2019-இல் .327, 2020-இல் .364 அடித்துப் பட்டமே வென்றார். அதோடு நிறுத்தியிருந்தால் லாபம். 32 வயதில் அவருக்கு மறுபடி 6 ஆண்டு, 9 கோடி கொடுத்தார்கள், 2025 ஜூலையில் பாதியிலேயே விடுவித்தார்கள்.

கேள்வி: வசந்தகாலப் பயிற்சியில் ஒருவர் .400 அடித்தால் நம்பலாமா?

பதில்: கூடாது. ஐம்பது அறுபது வாய்ப்பு. எதிரே நிற்கும் பிட்சர் புதுப் பந்து ஒன்றைப் பழகிக்கொண்டிருப்பார், ஏழாவது இன்னிங்ஸில் வருபவர் சட்டையில் 90-க்கு மேல் எண் போட்டிருக்கும், இன்னும் அணியில் இடம் பிடிக்காத பையன். .400-ஐ விட்டுவிட்டு, ஸ்ட்ரைக் எல்லைக்கு வெளியே வரும் பந்தை அவர் துரத்துகிறாரா என்று பாருங்கள்.