புது டேக் (DAC, டிஜிட்டல் இசையை ஆம்ப்ளிஃபையருக்கான மின் சிக்னலாக மாற்றும் கருவி) வாங்கலாமா?

கேள்வி: நண்பரின் விலை உயர்ந்த டேக்கை எக்ஸ்எல்ஆர் (XLR) கேபிளிலும், என் பழையதை ஆர்சிஏ (RCA) கேபிளிலும் இணைத்துக் கேட்டோம். அவருடையதில் மிருதங்கம் துல்லியமாக இருக்கிறது. வாங்கலாமா?

பதில்: பொறுங்கள். ஆர்சிஏ வெளியீடு வழக்கமாக 2 வோல்ட், எக்ஸ்எல்ஆர் 4 வோல்ட். 6 டெசிபல் கூடுதல். சத்தம் கூடினாலே காதுக்குத் தெளிவாகத்தான் தோன்றும்.

இரண்டையும் ஆர்சிஏவில் மாட்டுங்கள். 200 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை (ஒரே சீரான சோதனை ஒலி) ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரால் ஏசி வோல்ட் அளக்கவும் (புரோப்கள் ஒன்றோடொன்று உரசினால் ஆம்ப்ளிஃபையர் போய்விடலாம், கவனம்!). ஒரு டேக்கில் 2.00 வோல்ட் காட்டினால் மற்றதில் 1.98க்கும் 2.02க்கும் இடையில் இருக்க வேண்டும். டேக்கின் வால்யூமிலேயே சரிசெய்யலாம்.

பிறகு எது ஓடுகிறது என்று சொல்லாமல் இன்னொருவர் மாற்றட்டும். 16 தடவையில் 12 தடவையாவது சரியாகச் சொன்னால் வாங்குங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.